பன்னீராண்டுப் பஞ்சமும் எதிரேறிய ஏடுகளும்

2005 ஜூலை 26-ஆம் தேதி மும்பையில் இருந்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தாராவியில் என் அரிசிக் கடைக்குள் மாலை நாலு மணிக்கு முழங்கால் அளவு இருந்த தண்ணீர், விளக்கு வைக்கும் நேரத்தில் இடுப்புக்கு வந்துவிட்டது. மூட்டைகள் போயின. கல்லாப்பெட்டிக்குக் கீழ் அறையில் வைத்திருந்த ஒரு கட்டு ஏடுகளும் போயின. அதைப் பிறகு சொல்கிறேன். செம்பூர் வீட்டுக்கு மறுநாள் மதியம்தான் நடந்து போய்ச் சேர்ந்தேன். நாலு நாள் கழித்துக் கொலாபாவில் இருக்கும் சம்பந்தியைப் பார்த்தபோது, "என்ன சம்பந்தி, எங்க பக்கம் சாதாரண மழைதானே பெஞ்சுது, ஊரே முழுகிப் போச்சுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு பத்திரிகையில் கணக்கு வந்தது. சாந்தாகுரூஸ் மழைமானியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். கொலாபா மழைமானியில் 73. ஒரே ஊர், ஒரே நாள். சம்பந்தியும் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பழைய நூல்களில் பஞ்சம், வெள்ளம் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு மழைமானிகளும் நினைவுக்கு வரும். நூலாசிரியர் எந்த மழைமானியின் பக்கத்தில் நின்று பேசுகிறார் என்று கேட்காமல், அவர் சொன்னதை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்வதும் தவறு. எல்லாம் கட்டுக்கதை என்று தள்ளுவதும் தவறு. இந்த இரண்டில் முதல் தவறை நானே செய்திருக்கிறேன். முன்பு இதுபோன்ற ஒரு மலரில் நாலடியார் பிறந்த வரலாறு பற்றி எழுதினேன். சந்திரகுப்த மௌரியர் காலத்துப் பன்னீராண்டுப் பஞ்சம், பத்திரபாகு முனிவர் சங்கத்தோடு தெற்கே வந்தது, எண்ணாயிரம் முனிவர்கள் பாண்டிய நாட்டில் தங்கியது என்று எல்லாவற்றையும் ஒரே சரட்டில் கோத்து, இதுதான் சரித்திரம் என்று அடித்துச் சொன்னேன். எங்கள் நயினார் சமூகத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மலர் வெளியீட்டுக் கூட்டம் மாதுங்காவில் நடந்தது. முடிந்ததும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். "அய்யா, பாண்டிய நாட்டிலேயே பன்னிரண்டு வருஷம் பஞ்சம்னு இறையனார் களவியல் உரை சொல்லுதே. அப்ப உங்க முனிவருங்க எங்க போய்ச் சாப்பிட்டாங்க?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த அம்மாவுக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

முதலில் இந்தப் பன்னிரண்டைப் பார்ப்போம். இறையனார் களவியல் உரையில் பாண்டிய நாட்டுப் பஞ்சம் பன்னிரண்டு ஆண்டு. மணிமேகலையில் ஆபுத்திரன் கதையில் பாண்டிய நாடு மழை இழந்தது பன்னிரண்டு ஆண்டு. மகாபாரதம் சாந்தி பருவத்தில் விசுவாமித்திரர் பசி தாங்காமல் சண்டாளர் குடிசையில் நாய் இறைச்சிக்குக் கை நீட்டிய பஞ்சமும் பன்னிரண்டு ஆண்டு. சிரவணபெளகொளாவில் சந்திரகிரிப் பாறையில் ஏறத்தாழ கி.பி. 600-இல் வெட்டிய சாசனத்தில், பத்திரபாகு உஜ்ஜயினியில் இருந்து முன்னறிந்து சொன்ன துன்பகாலமும் பன்னிரண்டு ஆண்டு. பாரதத்தவர், பௌத்தர், சமணர், களவியல் உரைகாரர் ஆகிய நால்வருக்கும் ஒரே எண் கிடைத்திருக்கிறது. நாலு கடைக்காரர்கள் ஒரே எடையைச் சொன்னால் நான் தராசைத்தான் சந்தேகிப்பேன்.

இங்கே நம் பேச்சு வழக்கே உதவிக்கு வருகிறது. "உன்னைப் பாத்து ஒரு மாமாங்கம் ஆச்சு" என்கிறோம். வியாழன் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றி வரும் காலம் பன்னிரண்டு ஆண்டு. கும்பகோணத்தில் மாமாங்கம் அந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆனால் அப்படிப் பேசுகிறவர் காலண்டரைப் பார்த்துப் பேசுவதில்லை. நெடுங்காலம், தாங்கமுடியாத காலம் என்பதே பொருள். பன்னீராண்டுப் பஞ்சம் என்பதையும் ஒரு மாமாங்கப் பஞ்சம் என்றே நான் இப்போது படிக்கிறேன்.

எங்கள் மரபிலும் பேச்சு ஒன்றாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்திரகிரிச் சாசனத்துக்கும் அது சொல்லும் நிகழ்ச்சிக்கும் நடுவே ஏறத்தாழ 900 ஆண்டு இடைவெளி. 931-இல் ஹரிசேணர் எழுதிய பிருகத்கதாகோசத்தில் பத்திரபாகு வடக்கிலேயே இருந்துவிடுகிறார். சுவேதாம்பரர் மரபில் அவர் நேபாளத்தில் இருக்கிறார். இதனால் சமணம் தமிழ்நாட்டுக்கு வந்ததே பொய் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளத்துக் குகைகளில் நெடுஞ்செழியன் பெயரோடு முனிவர்களுக்குக் கற்படுக்கை கொடுத்த செய்தி தமிழ் பிராமியில் இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். பஞ்சம் துரத்தியதோ இல்லையோ, வந்தது உண்மை.

அப்படியானால் பல ஆண்டு நீளும் பஞ்சம் இந்த நாட்டில் நடக்கவே நடக்காதா? நடந்திருக்கிறது. நாம் பிழைக்க வந்த இந்த மகாராஷ்டிரத்திலேயே 1396-இல் தொடங்கிய துர்காதேவிப் பஞ்சம் பன்னிரண்டு ஆண்டு நீடித்ததாக மரபு. (இங்கேயும் அதே எண்!) ஆனால் இதற்குப் புத்தகத்துக்கு வெளியே ஒரு சாட்சி உண்டு. சத்தீஸ்கரில் தண்டக் குகை என்று ஒன்று. கூரையிலிருந்து சொட்டும் நீர் தரையில் சுண்ணாம்புப் படிவமாக வருஷா வருஷம் வளர்கிறது. அதில் உள்ள ஆக்சிஜனின் எடை வேறுபாட்டை அளந்து அந்தந்தக் காலத்தின் மழையை விஞ்ஞானிகள் ஊகிக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பருவமழை பலமுறை நலிந்ததை அந்தப் படிவம் காட்டுகிறது. ஆசிய மர வளையங்களை வைத்து எட்வர்ட் குக் குழுவினர் 2010-இல் வெளியிட்ட வறட்சி வரைபடங்களில் 1756 முதல் 1768 வரை ஒரு நெடிய வறட்சிக் காலம் தெரிகிறது. ஆக, பத்துப் பன்னிரண்டு வருஷம் மழை நலிந்து கிடப்பது இயற்கையில் உண்டு. ஒரு துளிகூடப் பெய்யாமல் பன்னிரண்டு வருஷம் என்பதுதான் இல்லை.

இதில் வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். வறட்சி வேறு, பஞ்சம் வேறு. முதல் வருஷம் மழை தவறினால் குதிரில் இருப்பதைத் தின்பார்கள். இரண்டாம் வருஷம் விதைநெல்லைத் தின்பார்கள். மூன்றாம் வருஷம் மாட்டை விற்பார்கள். நாலாம் வருஷம் நல்ல மழை பெய்தால், உழ மாடு இல்லை, விதைக்க நெல் இல்லை, வேலை செய்ய ஆள் இல்லை. வானம் கணக்கை முடித்த பிறகும் பூமியில் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். உரைகாரர் மழை திரும்பிய நாளோடு பஞ்சத்தை முடித்துவிடுகிறார். வட்டியை அவர் எழுதவில்லை.

இனி அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தியாவுக்கு மழை ஒரு வாசல் வழியாக வருவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மும்பைக்கு அதுதான் உயிர். அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி இந்தப் பக்கமே பெரும்பகுதியைக் கொட்டிவிடுவதால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம்ம ஊருக்கு மீதிதான். தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வருகிறது. இந்த இரண்டும் ஒரே எஜமானனுக்கு ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலைமைக்கு எல் நினோ என்று பெயர். அந்த ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் இளைக்கிறது. வடகிழக்குப் பருவமழையோ சற்றுக் கூடுதலாகப் பெய்யும் பக்கம் சாய்கிறது. சாய்கிறது என்றுதான் சொல்கிறேன், விதி என்று சொல்லவில்லை.

கண்முன்னே நடந்ததைப் பாருங்கள். 2015 பெரிய எல் நினோ ஆண்டு. மராத்வாடாவில் மழை பொய்த்து, 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் குடிதண்ணீர் போனது. அதே பருவத்தில், 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்து அடையாறு சென்னைக்குள் புகுந்தது. மறு ஆண்டு பசிபிக் குளிர்ந்தது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. வடக்கே பட்டினி, பாண்டிய நாட்டில் சோறு என்று எங்கள் நாலடியார் கதை சொல்வது வானிலைப்படி நடக்கக்கூடியதே. களவியல் உரை சொல்லும் பஞ்சம் வேறு ஒரு காலத்தின் பஞ்சமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே சரட்டில் கோத்ததுதான் என் பிழை.

இதைவிட என்னை வியக்க வைப்பது சாத்தனார் சொல்லும் ஆபுத்திரன் கதை. கையில் அமுதசுரபி. பாண்டிய நாட்டில் பசித்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறான். இந்திரன் கோபம் கொண்டு மழையைப் பெய்யச் செய்கிறான், நாடு செழிக்கிறது, சாப்பிட ஆள் வரவில்லை. வரம் கொடுப்பதுபோல ஒருவனை வேலையில்லாதவன் ஆக்கும் இந்தத் தண்டனையை யோசித்த கவிஞன் சாதாரண ஆள் இல்லை. அப்போது கப்பலில் வந்தவர்கள் சாவக நாட்டில் மழையில்லை, உயிர்கள் மடிகின்றன என்று சொல்ல, அவன் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. சாவகம் என்பதை ஜாவா என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். எல் நினோ ஆண்டுகளில் கட்டாயம் காய்வது இந்தோனேசியா. 2015-இல் சுமத்ரா, கலிமந்தான் காடுகள் எரிந்த புகை சிங்கப்பூரை மூடியது. இரண்டு மாதத்தில் சென்னை முழுகியது. பாண்டிய நாட்டில் மழை, சாவகத்தில் வறட்சி என்று ஒரே மூச்சில் மணிமேகலை சொல்வதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதனால் சாத்தனாருக்கு எல் நினோ தெரியும் என்று எழுதிவிடலாமா? கைதட்டல் கிடைக்கும். ஆனால் நான் எழுதமாட்டேன். கதைக்கு ஒரு தேவை இருந்தது: இங்கே பசி தீர வேண்டும், அங்கே பசி இருக்க வேண்டும். அதற்கு மேல் சொல்ல வேண்டுமானால், கடலோடிகள் ஊர் ஊராக மழைச் செய்தி சுமந்து வந்தார்கள் என்பதும், இங்கே பெய்யும்போது அங்கே காய்ந்தது என்று யாராவது கப்பல்காரர் துறைமுகத்தில் பேசியிருக்கலாம் என்பதும் ஊகமாக நிற்கும். எங்கே சரக்குக்கு விலை ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வியாபாரிக்கு எங்கே மழை தவறியது என்பது முதல் செய்தி. இன்றைக்கும் அப்படித்தான்.

வெள்ளத்துக்கு வருவோம். முனிவர்கள் எழுதி வைத்துப் போன எண்ணாயிரம் ஏடுகளை மன்னன் வையையில் எறியச் சொன்னான், நானூறு ஏடுகள் வெள்ளத்தை எதிர்த்து ஏறின, அதுவே நாலடியார் என்பது எங்கள் கதை. அதே வையையில் சம்பந்தர் இட்ட ஏடு திருவேடகத்துக்கு எதிரேறியது, சமணர் இட்ட ஏட்டை வெள்ளம் அடித்துப் போனது என்பது சைவர்கள் கதை. ஒரே ஆறு, ஒரே அற்புதம், கட்சி மட்டும் வேறு. நம்முடையதை வரலாறு என்றும் அவர்களுடையதைப் புராணம் என்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். இரண்டு கதையும் உண்மையாகச் சொல்வது ஒன்றுதான்: வையை என்றால் திடீரென்று வரும் வெள்ளம், அதற்கு முன் நிற்பது எதுவும் மிஞ்சாது. பரிபாடலில் வையைக்கு முழுதாக மிஞ்சிய எட்டுப் பாட்டும் புதுவெள்ளத்தைத் திருவிழாவாகப் பாடுகின்றன. வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு என்பதால்தான் தண்ணீர் வருவதே விழாவாகிறது. சித்திரைத் திருவிழாவுக்குப் போய் வையையைப் பார்த்துவிட்டு வந்து சங்ககால வையையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1895-இல் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை மேற்கே ஓடிய நீரைத் திருப்பி வையைக்குக் கொண்டுவந்தது. 1959-இல் வைகை அணை வந்தது. நாம் பார்ப்பது வேறு ஆறு.

புட்டுக்கு மண் சுமந்த கதையில் எனக்குப் பிடித்தது பிரம்படி இல்லை. கரையை அளந்து வீட்டுக்கு வீடு பங்கு பிரித்துக் கொடுத்ததுதான். வந்திக் கிழவிக்குக்கூட ஒரு பங்கு உண்டு. விகார், பவாய் ஏரிகளின் வடிகாலாகப் புறப்பட்டு, விமான ஓடுபாதைக்குக் கீழே நுழைந்து, குர்லா, தாராவி வழியாக மாஹிம் கழிமுகத்துக்கு வரும் மிட்டி ஆற்றுக்கு அப்படி யார் பங்கும் இருக்கவில்லை. அலையாத்திக் காட்டை மூடி பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் எழுப்பினார்கள். அன்று மழையோடு கடலேற்றமும் சேர்ந்துகொண்டதும் தண்ணீருக்குப் போக வழியில்லை. 1950 முதல் 2015 வரை மத்திய இந்தியாவில் பரந்த பெருமழை நாட்கள் மும்மடங்கு ஆனதாக புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் 2017-இல் காட்டினார்கள். அரபிக்கடல் காற்றின் ஈரமும் அதன் ஏற்ற இறக்கமும் காரணம் என்றார்கள். ஆகவே ஜூலை 26 இனி மாமாங்கத்துக்கு ஒருமுறை என்று நினைத்திருக்க முடியாது.

இத்தனை சாட்சிகளில் நான் யாரை அதிகம் நம்புகிறேன் என்றால், விலை சொல்லும் சாட்சியை. 1201-இல், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், திருப்பாம்புரத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. காலம் பொல்லாததாகி, நெல் காசுக்கு மூன்று நாழி விற்றதால், ஒரு வெள்ளாளர் தம்மையும் தம் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். அற்புதம் எதுவும் இல்லை, இந்திரன் இல்லை, பன்னிரண்டும் இல்லை. நெல்லின் விலையும் மனிதனின் விலையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில். சிலப்பதிகார உரைபெறு கட்டுரையில் மழை பொய்த்த பாண்டிய நாட்டுக்காக வெற்றிவேற் செழியன் கொற்கையில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று வருகிறது. இளங்கோவை எங்களவர் என்று பெருமை பேசும் நாங்கள் அந்த இடத்தை வேகமாகப் புரட்டிவிடுவோம். மழைக்காலத்தில் புழுவை மிதிக்கக் கூடாது என்று நாலு மாதம் ஒரே ஊரில் தங்கும் முனிவர்களின் மரபு எங்களுடையது. ஆயிரம் என்பதும் பன்னிரண்டு போல ஓர் எண்தான் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் பஞ்சம் வந்தால் ஊர் ஒரு ஜாதியைத் தேடிப் பிடித்துப் பழி போடும் என்பதை அந்தக் கட்டுரை அறிந்திருக்கிறது.

1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்கு வந்தால் எல்லாச் சாட்சியும் இருக்கிறது. பசிபிக் 1870 முதல் 1876 வரை குளிர்ந்து கிடந்தது. அப்போதே சென்னை மாகாணத்தில் மழை தவறிவிட்டது. 1877-இல் அதுவரை காணாத எல் நினோ. அதே ஆண்டு இந்தியக் கடலின் மேற்குப் பக்கம் சூடாகிக் கிழக்குப் பக்கம் குளிர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த அடி இது என்று தீப்தி சிங் குழுவினர் 2018-இல் விளக்கினார்கள். ஆனால் வானம் கொன்றது பாதிதான். ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று கூலியைக் குறைத்தார். ரயில் பாதை இருந்தது, தானியம் விலை கிடைக்கும் இடத்துக்குப் போனது. அனுப்பியவர்கள் நம் வியாபாரிகளும்தான். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பஞ்சத்தை வில்லியப்ப பிள்ளை பஞ்சலட்சணத் திருமுகவிலாசத்தில் பாடினார். தன்னால் ஜனங்களைக் காப்பாற்ற முடியவில்லை, நீ காப்பாற்று என்று மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதுகிறார்! பாணபத்திரருக்காகச் சேரமானுக்குத் திருமுகம் எழுதிய அதே கடவுள். பழைய அற்புதத்தைத் தலைகீழாகத் திருப்பிய இந்தக் கேலி, தமிழில் பஞ்சத்தைப் பற்றி வந்த நேர்மையான நூல்களில் முதல் வரிசையில் நிற்கும். பாடத்திட்டத்தில் அதைக் காணோம்.

அந்தத் தாது வருஷக் கணக்கு எங்கள் வீட்டிலும் இருந்தது. வந்தவாசிப் பக்கத்தில் தானியம் விற்ற என் முன்னோர் ஒருவரின் கணக்கேடு. மலருக்கு எழுதுவதற்காக ஊரிலிருந்து கொண்டுவந்து, கடையில் ஓய்வு கிடைக்கும்போது படியெடுத்துக்கொண்டிருந்தேன். யுவ வருஷம் வரை எழுதி முடித்திருந்தேன். அடுத்த ஏடுகள் தாது. அவர் என்ன விலைக்கு விற்றார், யாருக்குக் கடன் கொடுத்தார், யாருக்கு இல்லை என்று சொன்னார் என்பதெல்லாம் அதில் இருந்திருக்கும். கல்லாப்பெட்டிக்குக் கீழ் அறையில் இருந்த கட்டு அதுதான். சாக்கடைத் தண்ணீர் வற்றிய பிறகு சேற்றில் துழாவி எடுத்தேன். ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, எழுத்துத் தெரியாமல் குழைந்து போயிருந்தன.

களவியல் உரையில் பஞ்சம் முடிந்து மன்னன் புலவர்களைத் தேடி ஆள் அனுப்புகிறான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர்கள் கிடைக்கிறார்கள். பொருளதிகாரம் வல்லவர் ஒருவரும் கிடைக்கவில்லை. மன்னன் கலங்குகிறான். அந்த இடத்தில் உரைகாரர் பேச்சு எனக்குக் கதையாகத் தோன்றவில்லை.

தாராவி, மாதுங்கா, செம்பூர் அன்பர்கள் வீட்டுப் பரணில் ஊரிலிருந்து வந்த பழைய பேரேடு, அடகுச் சீட்டு, விலைக்குறிப்பு எது இருந்தாலும், மழைக்காலத்துக்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து படியெடுத்துக்கொள்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான்.